தூத்தூருக்கு ஒரு திருத்தம்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று விடியற்காலை குழித்துறை ஸ்டேஷனில் கடைசிப் பிள்ளையை அவள் அப்பாவின் பைக்கில் ஏற்றிவிட்ட பிறகுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அதுவரை நடுங்குவதற்கு நேரமில்லை. இன்னும் சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் ஆறப்போட்டால் ‘அனைவருக்கும் நன்றி’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவேனோ என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு நாளிதழ் அலுவலகம் பார்க்கப் போன இடத்தில் மழையும் ரயிலும் எங்களை என்ன பாடு படுத்தின என்று மறுபடி சொல்லப் போவதில்லை. எங்களுக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் டிவி ஓடியது. எங்கள் போனில் சார்ஜ் இல்லை.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் குறை நினைக்க வேண்டாம். முழங்கால் தண்ணீரில் நடந்துவந்து இட்லிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போன, சென்னையில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்கள் (‘எந்த ஊரு மக்கா?’ என்று அவர்கள் கேட்டதிலேயே பிள்ளைகளுக்குப் பாதிப் பசி போய்விட்டது), எந்த வண்டி ஓடும், எந்த வண்டி ஓடாது என்று ராத்திரி முழுக்கப் பார்த்துச் சொன்ன அண்ணன், எங்கள் டிக்கெட்டைப் பார்த்து ஒன்றும் பேசாமல் இடம் ஒதுக்கிக் கொடுத்த பரிசோதகர், தலைமையாசிரியர், பங்குத்தந்தை, தங்களுக்குள் சண்டை போட்டாலும் என்னோடு சண்டை போடாத பெற்றோர்கள், எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி. இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்க்க வந்த 27 பிள்ளைகளைத் தங்கள் கூட்ட அறையில் படுக்க விட்ட அந்த நாளிதழ் அலுவலகத்துக்கும்.

அங்கே போனதே எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்காகத்தான். பத்திரிகைக்கும் நமக்கும் பழைய உறவு. இந்தக் குமரி மண்ணைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று குரல் கொடுக்கவே 1951-இல் திருவனந்தபுரத்தில் தினமலர் தொடங்கப்பட்டது. 1956 நவம்பர் 1-இல் சேர்ந்தும் விட்டோம். இதையெல்லாம் ரயிலில் சொல்லிக்கொண்டு போனேன். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே போனால், அவர்களும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! செய்தியாளர் முதலில் இணையத்துக்கு நாலு வரி அனுப்புகிறார், பிறகு விரிவாக, கடைசியில்தான் மறுநாள் பேப்பருக்கு. சுவரில் ஒரு பெரிய திரை. எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தலைப்பு ஓடவில்லை என்றால் அரை மணி நேரத்தில் வேறு தலைப்பு. விளம்பரம் குறைந்துவிட்டதால் சந்தா கட்டினால்தான் முழுசாகப் படிக்க முடியும் என்று பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அச்சகம் வேறு இடத்தில் இருந்தது, மழையில் போக முடியவில்லை. ஒரு அலுமினியத் தகட்டை மட்டும் கையில் கொடுத்தார்கள். ஒரு வண்ணப் பக்கத்துக்கு இப்படி நான்கு தகடு வேண்டுமாம்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. நாங்கள் கொண்டுபோன மட்டிப்பழம் பைக்குள் கறுத்துப் போயிருந்தது. அதையும் முகம் சுளிக்காமல் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

இரவு ஒன்றரை மணி இருக்கும். பிள்ளைகள் பேப்பரை விரித்துப் படுத்திருந்தார்கள். நம் கடற்கரை ஊரான தூத்தூர்ப் பையன் ஒருவன் மட்டும் தூங்காமல் இணையப் பிரிவின் வாசலில் நின்றான். உள்ளே இரவுப் பணியில் ஒரு பெண். ‘என்ன தம்பி, தண்ணி வேணுமா?’ என்று கேட்டார். அவன் போனை நீட்டி, ‘அக்கா, இதை மாத்த முடியுமா?’ என்றான்.

ஒக்கிப் புயல் முடிந்து, 2017 டிசம்பரில் அதே நாளிதழ் இணையத்தில் போட்ட படம். கடலைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டி. அவனுடைய பாட்டி. அவன் சித்தப்பாவுக்காகக் காத்திருந்தார். சித்தப்பா வரவில்லை. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். நவம்பர் 30-ஆம் தேதி புயல் மூண்டபோது எச்சரிக்கை எட்டும் தூரத்தில் அவர்கள் இல்லை. இது நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படத்தின் கீழே ‘தூத்துக்குடியில் ஒரு மீனவத் தாய்’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் போட்டிருந்தது. தூத்தூர் என்று ஒரு ஊர் இருக்கும் என்று நம்பாத யாரோ, எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்க வேண்டும். நடுவில் திருநெல்வேலி மாவட்டமே கிடக்கிறது. எட்டு வருடமாக யாராவது அந்தப் படத்தைக் காட்டினால் பாட்டி, ‘அது நானில்ல, அவ தூத்துக்குடிக்காரி’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அவன் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்களோடு சென்னைக்கு வரப் பெயர் கொடுத்ததே இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

‘மெயில் போடுங்க, பார்க்கிறோம்’ என்று அவர் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வெள்ளச் செய்தி நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னார். பழைய படக் கிடங்கில் தேடி, படம் எடுத்தவர் அன்றைக்கு அனுப்பிய குறிப்பை எடுத்தார். அதில் தூத்தூர் என்றே இருந்தது. ‘அவர் சரியாத்தான் எழுதியிருக்கார் தம்பி. நாங்கதான் இங்க இருந்து கெடுத்திருக்கோம்’ என்றார். அந்த ‘நாங்க’ எனக்குப் பெரிதாகப் பட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் கல்லூரியில் கால் வைத்திருந்தாலே அதிகம்.

சத்தமில்லாமல் மாற்றக் கூடாதாம். மேலதிகாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டார். ஊர்ப் பெயரை மாற்றி, முன்பு தவறாக இருந்தது, இந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

‘பேப்பர்ல?’ என்று பையன் கேட்டான்.

‘பேப்பர்ல போனது போனதுதான்டா’ என்றார்.

எனக்கு அதிலிருந்து மனம் நகரவில்லை. அச்சில் வரும் தவறு மறுநாள் வடை மடிக்கப் போய்விடும். இணையத்தில் வந்த தவறு எட்டு வருடமாக, தேடுகிறவன் கண்ணிலெல்லாம் பட்டுக்கொண்டு கிடந்தது. ஆனால் கை வைக்க முடிந்ததும் அதில்தான். எது நல்லது என்று பகலில் அவர்களே பாதி நேரம் விவாதித்தார்கள். எனக்கும் தெரியவில்லை. நடுராத்திரியில் நாற்காலி இழுத்துப் போடுகிற ஆள் அங்கே இருந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஐந்து மணிக்குப் பாட்டிக்குப் போன் போட்டான். ‘நம்ம ஊரு பேரு வந்தாச்சா? சரி. நீ ஏதாவது தின்னியா?’ என்று கேட்டாராம். இரண்டு நாள் கழித்து, வீடு வந்து சேர்ந்த பிறகு, அந்தப் படத்தைப் போனில் இறக்கித் தரச் சொன்னாராம்.

பெயர் வேண்டாம் என்று அந்த இரவுப் பணித் தங்கை கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தங்கச்சி, இதைப் படித்தால் உங்களைத்தான் சொல்கிறேன் என்று தெரியும்.

அப்புறம் ஒன்று. ரயிலில் வரும்போதே பிள்ளைகள் தீர்மானித்துவிட்டார்கள். இனி எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் திருத்தங்களுக்கு. யார் எழுதியிருந்தாலும், டீச்சராக இருந்தாலும், போட்டுத்தான் ஆக வேண்டுமாம். முதல் திருத்தம் என்னுடையது, இங்கேயே போட்டுவிடுகிறேன்:

செவ்வாய் இரவு 9.40-க்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ‘26 பேரும் பத்திரம்’ என்று நான் போட்டது தவறு. 27. அடுத்த பதினொரு நிமிடம் உங்களைப் பதற வைத்ததற்கு மன்னியுங்கள். எண்ணும்போது விடுபட்ட பிள்ளை, எனக்குப் பின்னால் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இப்படிக்கு,
பிள்ளைகளோடு போய்வந்த தமிழ் டீச்சர்