‘நான் யாருன்னு சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் 29, உலகப் பக்கவாத தினத்தன்று தங்கள் நாளிதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வாய் கோணுவது, கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது மூன்றையும் தெளிவாக விளக்கியிருந்தீர்கள். என் கணவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் 31 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறோம். முந்தின வருட மார்கழியில் ஒரு விடியற்காலை, கடை திறக்கப் போனவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் மறுபடியும் இடித்தார். “இடப்பக்கம் என்னமோ மறைக்குது” என்றார். கை கால் நன்றாக இருந்தது, பேச்சும் தெளிவு. கண்ணில்தான் கோளாறு என்று கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். நான்கு நாள் கழித்து மதுரையில் ஸ்கேன் எடுத்தபோதுதான், மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அடைப்பு என்று தெரிந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டுமாம். திடீரென்று பார்வை ஒரு பக்கம் மறைந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடு என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் நாள், காபி டம்ளரோடு எதிரே போய் நின்றேன். ஏறிட்டுப் பார்த்தவர், “எங்க வீட்டுக்காரி எங்கேம்மா?” என்று என்னிடமே கேட்டார். “நான்தாங்க” என்றேன். குரல் காதில் விழுந்ததும் அவர் முகம் தெளிந்தது. 38 வருடம் கூட வாழ்ந்தவளின் குரல் தெரிகிறது, வளையல் சத்தம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. மூக்குத்தியைக்கூடச் சரியாகச் சொல்வார். இது இன்னாருடைய முகம் என்பது மட்டும் வராது.

பொருள்களும் அப்படித்தான். பூட்டைக் காட்டினால், “இரும்பு, மேல வளைஞ்சிருக்கு, அடியில ஓட்டை” என்பார். பூட்டு என்று சொல்ல வராது. கையில் கொடுத்தால் உடனே, “கடைப்பூட்டுல்ல இது!” என்பார். சீரகத்தையும் சோம்பையும் கண்ணால் பிரிக்கத் தெரியாதவர், உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால் ஒருநாளும் தவறியதில்லை. துவரம்பருப்பா கடலைப்பருப்பா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். புத்தி மங்கவில்லை. எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமல் இப்போதும் சொல்கிறார்.

கண் நல்ல கண்தான், அது பார்த்ததை இன்னதென்று அறிகிற இடத்தில்தான் அடிபட்டிருக்கிறது என்று மதுரை மருத்துவர் விளக்கினார். இதை மீட்டுக் கொடுக்கும் மருந்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை. முகம் அறியாமற்போகும் இந்த நிலைக்கு ‘ப்ரோசோபக்னோசியா’ என்று பெயர். 1947-ல் பெயர் வைத்தவர் யோவாகிம் போடமர் என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர். தலையில் குண்டடி பட்ட 24 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அந்த இளைஞருக்குக் கண்ணாடியில் தன் முகமே அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்தும் நடையை வைத்தும் ஆட்களைக் கண்டுகொண்டாராம். என் மகள் இதைப் படித்துக் காட்டியபோது, சலூன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, “அவருக்கு முதல்ல வெட்டி விடுங்க” என்று இவர் சொன்னது நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

அடிபடாமலே, பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மூளை நோயாளிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற டாக்டர் ஆலிவர் சாக்ஸ், சிம்பன்ஸிகளை ஆராய்ந்த ஜேன் குடால் ஆகியோருக்கும் இது இருந்தது. தெருவில் ஆசிரியரைப் பார்த்தும் வணக்கம் சொல்லாமல் போகிற பிள்ளையைத் திமிர் என்று தண்டிக்கும் முன் ஆசிரியர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

எங்களை மிகவும் நோகடிப்பது நோய் இல்லை. பதினைந்து வருடமாக மாதச் சாமான் வாங்கிய ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். இவர், “யாரு வேணும்?” என்று கேட்டுவிட்டார். “பணம் சேர்ந்தா மனுசர் முகம் மறந்துபோகும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கிப் போனார். நான் வீடு தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவருக்கும் கண் கலங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் நான் அப்படிப் போக முடியுமா?

விசேஷ வீடுகளில் இன்னும் மோசம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, “என்னைத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். இவருக்கோ நெற்றியெல்லாம் வேர்த்துவிடுகிறது. என் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரியாத என் முகத்தைப் பார்த்து, நான் வாய் திறக்கக் காத்திருக்கிறார். “அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று பின்னால் பேசுவதும் அவர் காதில் விழுகிறது. காதுதான் முன்னைவிடக் கூர்மையாக இருக்கிறதே.

எங்கள் தெருப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். “அண்ணாச்சி, தறிக்கார வீட்டுப் பேத்தி வந்திருக்கேன், அரைக் கிலோ ரவை” என்று படியேறும்போதே சொல்கிறார்கள். இவரும், “பாட்டிக்கு முட்டுவலி தேவலையா?” என்று கேட்டபடியே நிறுத்துக் கொடுக்கிறார். நான் சாமான்களைப் பழைய இடம் மாற்றாமல் வைக்கிறேன், எதிரில் போனதும் பேசிவிடுகிறேன். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை பக்கவாதம் பற்றி எழுதும்போது பார்வை மறைவதையும் அறிகுறிகளில் சேருங்கள். பிழைத்து வந்தவர்களில் இப்படியும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் போகும்போது முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
மளிகைக் கடை வாசகி ஒருவர்,
அருப்புக்கோட்டை.