மெடிக்கல் பில்லிங் கோச்சிங் சென்டர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில அமெரிக்க ஹாஸ்பிட்டல்களுக்கு க்ளெய்ம், அதாவது இன்சூரன்ஸுக்குப் போற பில், பாக்குற ஒரு கம்பெனியில ஏஆர் (வராத பணத்த இன்சூரன்ஸ்கிட்ட போன் பண்ணிக் கேக்குற வேலை) டீம் லீடர். உங்ககிட்ட படிச்சுட்டு வர்ற பசங்கதான் எங்க ஃப்ளோர்ல உக்காருறாங்க, அதான் எழுதுறேன்.

போன மாசம் ஒரு பி.காம் பொண்ணு ஜாயின் பண்ணுச்சு. டினையல் கோடு, அதான் இன்சூரன்ஸ் ஏன் பணம் தரலன்னு சொல்ற கோடு, கேட்டா கடகடன்னு ஒப்பிக்குது, சிஓ 16னா தகவல் குறைவு, 18னா டூப்ளிகேட், 29னா டைம்லி ஃபைலிங், அதாவது அனுப்ப வேண்டிய கெடு தாண்டிடுச்சு. சரிம்மா, 29ல வந்த க்ளெய்மை என்ன பண்ணுவன்னா முழிக்குது. பாக்க வேண்டியது இதுதான்: முதல்ல எப்போ அனுப்பினோம், க்ளெய்மை வாங்கி இன்சூரன்ஸுக்கு அனுப்புற க்ளியரிங் ஹவுஸ் ஏத்துக்கிட்ட ரிப்போர்ட் இருக்கா, கெடு எவ்வளவு, மெடிகேர்னா (அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) ட்ரீட்மெண்ட் நடந்த தேதியில இருந்து ஒரு வருஷம், பிரைவேட்ல சிலது 90 நாள்லயே கதவ சாத்திடும், அதுக்குள்ள போயிருந்தா ப்ரூஃபோட அப்பீல், போகலன்னா ரைட் ஆஃப், அதாவது தள்ளுபடி, பேஷண்ட் தலையில கட்டவே கூடாது, ஏன்னா முன்னாடி சிஓன்னு இருக்கு, அது ஹாஸ்பிட்டல் ஒப்பந்தப்படி விட்டுக்குடுக்க வேண்டியது, பிஆர், அதாவது பேஷண்ட் பொறுப்புன்னு இருந்தாதான் பேஷண்ட் குடுக்கணும். இந்த ரெண்டெழுத்து வித்தியாசத்த சொல்லித் தராம நம்பர மட்டும் மனப்பாடம் பண்ண வச்சு என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

இதுல அந்த பொண்ணுக்கு சிபிசி பேக்கேஜ் வேற வித்திருக்காங்க. அது வியாதிக்கும் ட்ரீட்மெண்ட்டுக்கும் கோடு போடுற மெடிக்கல் கோடிங் பரீட்சை, 4 மணி நேரத்துல 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்து பாஸ் பண்ணாலும் அனுபவம் இல்லன்னா பேருக்குப் பின்னாடி அப்ரண்டிஸ்னு ஒரு ஏ ஒட்டிக்கிட்டே இருக்கும். ஏஆர் காலிங்குக்கு அது தேவையே இல்ல. எந்த டிகிரியா இருந்தாலும் எடுத்து சம்பளம் குடுத்தே ட்ரெயினிங் தர்ற கம்பெனி இங்கயே இருக்குன்னு உங்களுக்கும் தெரியும். வீட்டுல நகைய வச்சுக் கட்டின ஃபீஸாம், கேக்கவே வயித்தெரிச்சலா இருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, வாரத்துக்கு ரெண்டு மாக் கால், அதான் பழகுறதுக்கு ஒரு போலி போன் கால், அதாவது போட வைங்க. இப்போ நிஜ கால்ல "ஒண்ணை அழுத்துங்க"ன்னு சொல்ற ஐவிஆர் மெஷினைத் தாண்டி, அரை மணி நேரம் ஹோல்டு மியூசிக் கேட்டு, அந்தப் பக்கம் ஆள் வந்ததும் என்ன கேக்கணும்னே தெரியாம போனை வச்சிடுறாங்க. பேசின இன்சூரன்ஸ் ஆள் (ரெப்) பேரு, கால் ரெஃபரன்ஸ் நம்பர் இல்லாம நோட்ஸ் எழுதினா அந்த கால் பேசாததுக்கு சமம், மறுபடியும் மொதல்ல இருந்து.

அப்புறம் அந்த நோட்டீஸ். 100% பிளேஸ்மெண்ட்னு கொட்டை எழுத்துல போடுறீங்கல்ல, அதுக்குக் கீழயே சாயங்காலம் ஆறரைக்கு உக்காந்தா விடியக்காலம் மூணரை ஆகும்னு ஒரு வரி போட்டுடுங்க, நோட்டீஸ வீட்டுல அப்பா அம்மாவும்தான் படிக்கிறாங்க.