ஒட்டுத்தாளுக்கு அடியில்

ஸ்ரீவில்லிபுத்தூர்
மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் நலம்தான் தெரியவில்லை. வாட்ஸாப்பில் நீலக் கோடு விழுகிறதா என்று பார்த்து, படித்துவிட்டான் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேச நேரமில்லை என்றால் சரி. கடிதத்தையாவது ராத்திரி படுக்கும்போது படிப்பாய். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா வீட்டில் பெயின்ட் வேலை முடிந்தது. மாமா அந்த மேற்குச் சுவர் விஷயத்தை ஒருவழியாக விட்டுவிட்டார். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மற்றதெல்லாம் நேரில் வரும்போது.

28ஆம் தேதி அறிவியல் தினத்துக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். என்னோடு ஒரு கல்லூரிப் பேராசிரியரும், பரிசுக்குப் பணம் கொடுத்த ஒரு வியாபாரியும். எல்லாம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். நீ பார்த்த சாமான்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆப்பசோடா எரிமலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம், சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மண் அள்ளும் ஜேசிபி. எரிமலையைக் கண்டதும் பேராசிரியர் நகரப் பார்த்தார். நான் நின்றேன். வினிகரை இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு பொங்குமா என்று கேட்டேன். "சோடா தீர்ந்துபோச்சுன்னா எவ்வளவு ஊத்தினாலும் பொங்காது டீச்சர்" என்றான் ஒருவன், ஆறாம் வகுப்பு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஊற்றிப் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தாராளமாகவே போட்டேன்.

பெரிய கூட்டம் ஒரு குப்பைத் தொட்டியைச் சுற்றி. கையை நீட்டினால் மூடி தானாகத் திறக்கிறது. கடையில் விற்கிற கிட்தான், அல்ட்ராசானிக் சென்சார். பையன் இங்கிலீஷில் மனப்பாடமாக ஒப்பித்தான். எது கையைப் பார்க்கிறது என்று கேட்டால் முழிக்கிறான். சரி என்று உட்கார்ந்து, அது நம் காதுக்கு எட்டாத சத்தத்தை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கிறது என்று சொன்னேன். கைக்குப் பதிலாக என் தோள் துண்டைத் தொங்கவிட்டுக் காட்டச் சொன்னேன். சில தடவை திறந்தது, சில தடவை திறக்கவில்லை. துணி சத்தத்தை வாங்கிக்கொள்கிறது அல்லவா? பையனுக்கு முகமே மாறிவிட்டது. அட்டை, பஞ்சு, சாய்த்துப் பிடித்த பரீட்சை அட்டை என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அதன் பிறகு ஒப்பிக்கவே இல்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் உன்னிடம் சொல்ல வந்தது இன்னொரு பிள்ளையைப் பற்றி. ஏழாம் வகுப்பு, ஒல்லியாக இருந்தது. கடைசி மேசை, ஜன்னல் ஓரம். மூன்று தட்டில் ஈரத்துணி, அதன் மேல் பச்சைப்பயறு. ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், ஒன்றுக்கு அரிசி கழுநீர், ஒன்றுக்கு ஒரு டம்ளரில் அரை ஸ்பூன் உப்புப் போட்ட தண்ணீர். அவள் ஆச்சி கறிவேப்பிலைச் செடிக்குக் கழுநீர்தான் ஊற்றுவாளாம், அதனால் கழுநீரில்தான் அதிகம் முளைக்கும் என்று ஆரம்பித்திருக்கிறாள். சார்ட்டில் தட்டுக்கு 20 விதை, கழுநீரில் 20ம் முளைத்தது என்று எழுதியிருந்தது. ஆனால் அந்த 20 மட்டும் தனியாக வெள்ளைத் தாளில் வெட்டி ஒட்டியது. பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது.

அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பதினேழு டீச்சர்" என்றாள். குழாய்த் தண்ணீரில் 18. கழுநீர் தோற்றுப்போனது என்று எழுதினால் பரிசு கிடைக்காது என்று சார்ட் எழுதிக் கொடுத்தவர்கள் யாரோ ஒட்டிவிட்டார்கள். நோட்டைக் காட்டச் சொன்னேன். தம்பி, அந்த நோட்டை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் தடவை செய்ததில் குழாய்த் தண்ணீர் 17, கழுநீர் 18, உப்புத் தண்ணீர் 4. மூன்றாம் தடவைக்கு "எறும்பு தின்னுடுச்சு" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு எறும்பும் வரைந்திருக்கிறாள். ஒரு நாள் கழுநீரை மாற்ற மறந்ததால் நாற்றம் அடித்து விதை மேல் பூசணம் பிடித்ததைக்கூட விடவில்லை.

இரண்டில் எது நல்ல தண்ணீர் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், ஒரு விதை முன்னப்பின்ன இருக்கு" என்றாள். ஏன் என்றதற்கு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "விதைக்குள்ளேயே சாப்பாடு இருக்கே" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முளைவிடும் வரை பருப்பில் இருப்பதே விதைக்குப் போதும், கழுநீரில் இருக்கும் சத்து அதற்கு வேண்டாம். உப்புத் தண்ணீர் விதைக்குள் நீரை இறங்க விடாது, அதனால்தான் அந்தத் தட்டில் இவ்வளவு குறைவு. ஆச்சி சொன்னது செடிக்குச் சரியாக இருக்கலாம், விதைக்கு இல்லை. இதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கிறாள், கண்டுபிடித்ததையே தோல்வி என்று நினைத்து மூடி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் நோட்டுக்குத்தான் மதிப்பெண் போட்டேன். பேராசிரியரும் என் பக்கம். பணம் கொடுத்தவர் தொட்டிதான் என்று பிடிவாதமாக நின்றார், தலைமையாசிரியரும் அவருக்குத் தலையாட்டினார். முதல் பரிசு தொட்டிக்கு, இரண்டாவது இவளுக்கு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மேடையில் விஞ்ஞானி சி. வி. ராமன் படம் மட்டும்தான் வைத்திருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னபோது, 1928இல் கல்கத்தாவில் அவரோடு சோதனை செய்த கே. எஸ். கிருஷ்ணன் நம் வத்திராயிருப்பில் பிறந்தவர் என்று சொன்னேன். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அந்த பிப்ரவரியில் என்னென்ன பார்த்தார்கள் என்று கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதி வைத்தார், ராமன் விளைவு வந்த கதையைச் சொல்ல வருகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள் என்றேன். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்தேன், நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நீ எட்டாவதில் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் அளந்தாயே, அந்த நோட்டு அப்பா பீரோவில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு "மழை, போகவில்லை" என்று எழுதியிருக்கிறாய். மாநில அளவு வரை போன நோட்டு அது. அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியிருந்தால் யாருக்குத் தெரியும்? நீ நிரப்பவில்லை. அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை இப்போது கேட்டதற்கெல்லாம் "ஓகேம்மா" என்று மட்டும் அனுப்புகிறான். பொங்கலுக்கும் வரவில்லை. லேபில் வேலை என்றாய், சரி என்றேன்.

பெரியப்பா மகன் பெங்களூரில் உன்னைப் பார்த்தானாம். இளைத்துப் போயிருக்கிறான் சித்தி என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. சாப்பிடு. ராத்திரி முழுக்க லேபில் உட்காராதே. மெஸ் பிடிக்கவில்லை என்றால் வேறு மெஸ் பார், காசைப் பார்க்காதே.

ஆராய்ச்சி எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை. அத்தை கேட்டாள், முடியும்போது முடியும் என்று சொல்லிவிட்டேன். கல்யாணப் பேச்சையும் நான் எடுக்கவில்லை, அப்பாவையும் எடுக்க விடவில்லை. உன் கைடு என்ன நினைக்கிறார், கூடப் படித்தவர்கள் எங்கே போய்விட்டார்கள், அதெல்லாம் எனக்கு வேண்டாம். நீ என்ன செய்தாய், என்ன வந்தது, அது போதும். எனக்குப் புரியாது என்று நினைக்காதே. பாதி புரிந்தாலும் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். எறும்பு தின்றிருந்தால் எறும்பு தின்றது என்று சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தைக்குப் போய்விட்டு அப்படியே பெரியப்பா வீட்டுக்குப் போவார், பதினொரு மணிக்கு முன்னால் திரும்ப மாட்டார். அவர் காதில் விழ வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் கூப்பிடு. பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வியாழக்கிழமை பஸ்ஸில் போடுகிறேன். காலையில் நீயே போய் வாங்கிக்கொள், போன தடவை மாதிரி இரண்டு நாள் ஆபீஸில் கிடக்க விடாதே. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. சாப்பிடு.

அன்புடன்,
அம்மா