ஆண்டறிக்கை: பித்தளை ஊதுகருவி வகுப்புகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஆசிரியர்களே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நெடுநேரம் விவாதித்து ஒரு முடிவு எடுத்தோம். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் பருவத்தில் பாட்டு கிடையாது. மூச்சு, உதடு, நீண்ட சுரம், இவை மட்டுமே. ஆண்டின் முக்கியமான வேலை அதுதான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

டிரம்பெட்டில் வால்வு (அழுத்தினால் காற்று போகும் குழாயின் நீளத்தைக் கூட்டும் விசை) எதையும் அழுத்தாமல், உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் மட்டும் மாற்றி ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப என்று ஏற முடியும். 1818-ல் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இசைக்கலைஞர்கள் இருவரும் ஜெர்மனியில் வால்வுக்குக் கூட்டாகக் காப்புரிமை பெற்றார்கள். அதற்கு முந்தைய டிரம்பெட் கலைஞர்கள் பெரும்பாலும் இப்படி உதட்டில் கிடைக்கும் சுரங்களைக் கொண்டே வாசித்தார்கள். நம் மாணவர்களும் அங்கிருந்தே தொடங்கினார்கள். முதலில் மவுத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் முனை) மட்டும், பிறகு கருவியோடு ஒரே சுரத்தை அலையாமல் நிறுத்துவது.

"மூணு மாசமாச்சு சார், இன்னும் ஒரு பாட்டுகூட வரலையே?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். கவலை நியாயமானதே. ஆனால் அவசரப்பட்டு மேல் சுரத்துக்குப் போகிறவர்கள் மவுத்பீஸை உதட்டில் அழுத்தித்தான் அதை எட்டுகிறார்கள். ரத்த ஓட்டம் குறைந்து உதடு மரத்துப்போகிறது, ஒலி உடைகிறது. அந்தப் பழக்கம் பிறகு எளிதில் போவதில்லை. இரண்டாம் பருவத்தில் பாட்டு தொடங்கியபோது இந்த ஆண்டு மாணவர்களின் ஒலியில் இருந்த நிதானத்தை, கேட்ட எல்லோரும் கவனித்தார்கள். இம்முறை தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுச் சாதகத்தையும் ஒரே அமர்வில் முடிக்காமல் இரண்டு வேளையாகப் பிரித்து, ஊதிய நேரத்துக்குச் சமமாக உதட்டுக்கு ஓய்வு தரும்படி ஆசிரியர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்து சுருதி. முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் சுரம் சற்று ஏறியே ஒலிக்கும். மூன்றையும் அழுத்தினால் இன்னும் அதிகம். இது மாணவரின் குறையல்ல. ஒவ்வொரு வால்வின் குழாயும் தனியாகப் பயன்படும்போது சரியாக இருக்கும்படி அளக்கப்பட்டது. சேரும்போது மொத்த நீளம் போதாமல் போகிறது. மூன்றாம் வால்வின் ஸ்லைடை, அதாவது நகரும் குழாயை, விரலால் வெளியே தள்ளி அதை ஈடுகட்டலாம். இதைச் சொல்லிக்கொடுக்கும் முன்பே சிலர் காதால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

டிராம்போனில் குழாயைக் கையால் நீட்டி மடக்கிச் சுரம் மாற்ற வேண்டும். அதைக் கேட்ட சிறுவர்களுக்குக் கை கடைசி நிலைகளுக்கு எட்டவில்லை. அவர்களை வால்வுள்ள யூஃபோனியத்தில் தொடங்க வைத்தோம். இரண்டின் குழாய் நீளமும் ஏறத்தாழ 2.7 மீட்டர்தான், மவுத்பீஸும் நெருங்கிய அளவு. கை வளர்ந்தபின் மாறுவது கடினமில்லை. சாக்ஸபோன் கற்க வந்தவர்களைச் சேர்க்க முடியவில்லை. உடல் பித்தளையானாலும் அதில் ஒலி எழுப்புவது சீவாளி. அதற்கேற்ற ஆசிரியர் நம்மிடம் இல்லை.

இரவல் கருவிகள் ஒழுங்காகத் திரும்பி வருகின்றன. வால்வு எண்ணெய் மட்டும் பலரும் மறக்கிறார்கள். மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் குறடு போடாதீர்கள், குழாய் முறுகிவிடும். சங்கத்திடம் அதற்கென்றே கருவி இருக்கிறது, கொண்டு வாருங்கள். கழுவ வெதுவெதுப்பான நீர் போதும். கொதிநீர் பட்டால் மேற்பூச்சு உரியும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில் டியூபா வாசிக்க ஒருவராவது முன்வர வேண்டும்; கீழ்ஸ்தாயி இல்லாமல் குழு வாசிப்பு மெலிந்து கேட்கிறது. பெரியவர்கள் வந்தாலும் வரவேற்போம்.

ஊதியம் பெறாமல் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் அந்த நீண்ட சுரங்களைப் பொறுமையோடு கேட்ட குடும்பத்தினருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்