ஒரே ஜீப்பில் ஊருக்கொரு செய்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவன் நான். மலை ஏறி முடிப்பதற்குள் பின்னால் இருக்கிற எல்லார் போனும் பேசிவிடும். முல்லைப் பெரியாறு அணைப் பேச்சு வந்தால், நாற்காலியில் யார் இருந்தாலும் கேரள முதல்வர்தான் வில்லன்.

எங்கள் ஜீப்பில் வரும் அக்கா ஒருத்தர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கையோடு ஒரு வசவு வீடியோவைத் தள்ளிவிடாமல் கடைசிவரை ஓடவிட்டார். அதிலிருந்து அவருக்கு அதே ரகம்தான் வரிசை கட்டி வருகிறது. பிழைப்பு தருவதே கேரளத் தோட்டம். ஆனாலும் அந்த ஊர்த் தலைவர் பேரைக் கேட்டாலே மண்ணை வாரித் தூற்றுகிறார்.

தோட்டத்துச் சூப்பர்வைசர் மலையாளி, தங்கமான மனுஷன். அவர் போனில் நம் முதல்வர்தான் வில்லன். 1895இல் கட்டிய அணைக்குக் கீழே குடியிருப்பவர்களின் உயிர் அவருக்குப் பொருட்டில்லையாம். 142 அடி தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தப் போனுக்கு வருவதில்லை. அணைக்குக் கீழே இருக்கிற வண்டிப்பெரியாற்றுக்காரர்கள் மழைக்காலத்தில் தூங்காமல் கிடப்பது எங்கள் போனுக்கு வருவதில்லை.

2024 டிசம்பர் 12 அன்று முதல்வர்களாக இருந்த ஸ்டாலினும் பினராயி விஜயனும் வைக்கத்தில் ஒரே மேடையில் நின்று பெரியார் நினைவகத்தைத் திறந்து வைத்தார்கள். அந்தச் செய்தி என் ஜீப்பில் ஒரு போனிலும் ஒலிக்கவில்லை. கோபத்துக்குத்தான் அங்கே விலை. ஃபேஸ்புக்கில் யாருக்கு எதை மேலே காட்டுவது என்று முடிவெடுக்க, 2017 வாக்கில் கோபமுகம் ஒன்றை ஐந்து லைக்குக்குச் சமமாகக் கணக்குப் போட்டார்கள். பிறகு 2020இல்தான் அதைச் சுழியாக்கினார்கள்.

போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2011 டிசம்பரில் இதே அணைச் சண்டையில் குமுளியில் எல்லை அடைபட்டபோது இங்கே அநேகம் பேர் கையில் இந்தப் போனே இல்லை. ஆனால் அன்றைக்கு டீக்கடையில் ஒரே பேப்பரை வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டோம். தப்பாகப் பேசினால் இன்னொருத்தன் அதே பக்கத்தைத் திருப்பிக் காட்டுவான்.

உங்கள் பத்திரிகையின் செயலியிலும் இப்போது ஆளுக்கு ஆள் தனியாகப் பொறுக்கித் தருகிற ‘உங்களுக்காக’ என்கிற பகுதிதான் முதலில் திறக்கிறது. மற்றச் செய்தி எப்படியோ போகட்டும். அணை விவகாரம் வரும் நாளிலாவது நீர்மட்டம், தீர்ப்பு, கேரளம் சொன்னது, தமிழகம் சொன்னது ஆகியவற்றை யார் போன் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே இடத்தில் மேலே வையுங்கள். குரலிலும் போடுங்கள், எங்கள் ஆட்களில் பாதிப்பேர் காதால்தான் செய்தி படிக்கிறார்கள்.

ஜீப் ஓட்டுநர், கம்பம், தேனி மாவட்டம்