வெறும் கஞ்சி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்குப் பல வீடுகளில் வாரக்கணக்கில் அரிசிக் கஞ்சியும் பழச்சாறும்தான். அக்கறையில் செய்வதுதான், ஆனால் புண் ஆறப் புரதம் வேண்டும். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வீதம், 50 கிலோ உள்ளவருக்கு தினமும் 60 முதல் 75 கிராம். ஒரு டம்ளர் கஞ்சியில் 3 கிராம் தேறுவதே கடினம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. அதே கஞ்சியில் குழைய வெந்த பாசிப்பருப்பு, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளட்டும்.

சோர்ந்திருக்கிறாரே என்று குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்காதீர்கள். இரைப்பை வெட்டி எடுக்கப்பட்டிருப்பதால் சர்க்கரை நேரே சிறுகுடலில் இறங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். நாளுக்கு ஆறு சிறு வேளைகளாகச் சாப்பிட்டு, தண்ணீரை அரை மணி நேரம் கழித்துக் குடிப்பதே நல்லது.

இரைப்பையை முழுவதும் எடுத்தவர்களுக்கு பி12 வைட்டமின் ஊசி ஆயுள் முழுக்கத் தேவை. கல்லீரலில் இருப்பு உள்ளவரை குறை வெளியே தெரியாது. பாதம் மரத்துப்போன பிறகு தாமதமாகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஊசித் தேதியை எழுதிக் கொடுக்க மருத்துவமனைகள் முன்வர வேண்டும்.

– மருத்துவ உணவியல் நிபுணர்கள் சிலர், மதுரை