‘டோனரைக் கூட்டிட்டு வாங்க’ என்று சொல்வதை நிறுத்துங்கள்

ரத்த வங்கிகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

என் மனைவிக்கு அப்லாஸ்டிக் அனீமியா. அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்திக்கொண்டது. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் மூன்றும் ஒன்றாக இறங்கின. மேற்கு நாடுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வரும் நோய், ஆசியாவில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு என்று டாக்டர் சொன்னார். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் வீட்டுக்கு அது ஏன் வந்தது என்று உங்களிடம் கேட்டுப் பயனில்லை. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பிளேட்லெட் வேண்டும் என்று சீட்டோடு வருகிறவரிடம் ‘டோனரைக் கூட்டிட்டு வாங்க’ என்று சொல்லாதீர்கள். டோனரை நீங்களே கூப்பிடுங்கள்.

போகிக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை மணி. சென்னையில் ஒரு மருத்துவமனை. அவளுடைய பிளேட்லெட் கவுண்ட் 4,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. மதியத்திலிருந்து மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. பல் ஈறெல்லாம் கசிந்து, துப்பத் துப்பச் சிவப்பு. கையைத் தொட்டால் தொட்ட இடம் கன்றிப் போகிறது. உடனே எஸ்.டி.பி., அதாவது ஒரே டோனரிடமிருந்து மெஷினில் பிரித்தெடுக்கும் பிளேட்லெட், ஏற்ற வேண்டும் என்று வார்டில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கீழே ஓடி வந்து கவுண்டரில் நீட்டினேன். உள்ளே இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஸ்டாக் இல்லை சார், டோனரைக் கூட்டிட்டு வாங்க” என்றார். முகம் நிமிர்த்திக்கூடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாரோ, பாவம்.

சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இருவருமே பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த இரண்டு நாளில் ஊரே காலியாகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டேன். நான்கு பேர் வந்தார்கள், முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் முந்தாநாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தார். மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினீர்கள். ஒருவருக்கு எடை 50 கிலோ வரவில்லை. ஒருவருக்கு நரம்பு மெலிசு, மெஷினுக்குத் தாங்காது. இதில் எதையும் நான் தவறென்று சொல்லவில்லை. கொடுப்பவருக்கும் ஆபத்து வரக்கூடாது, வாங்குபவருக்கும் வரக்கூடாது. ஆனால் இந்த விதிகள் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாதவனை அனுப்பி ஆள் தேடச் சொன்னால், நான்கு பேரைக் கூட்டி வந்து மூன்று பேரைத் திருப்பி அனுப்பும் கதைதான் நடக்கும்.

நாலாவதாக வந்தவன் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன். திருநெல்வேலிக்குப் பத்தரை மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தான். அதை விட்டுவிட்டு வந்து படுத்தான். பரிசோதனை எல்லாம் முடிந்து, மெஷினில் ஒன்றேகால் மணி நேரம் கொடுத்து எழுந்தபோது மணி ஒன்றரை. நான் நீட்டிய பணத்தைத் தொடவில்லை, ஜூஸை மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

ஒரு பைதான். மறுநாள் காலை அவளுக்கு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தம் நிற்பதற்காக இன்னொரு பை தயாராக வேண்டுமென்றார்கள். அதனால் அந்த நேரத்திலும் நான் கீழேதான், உங்கள் வாசலில், போனும் கையுமாக நின்றேன். மேலே போனபோது எல்லாம் முடிந்து குப்புறப் படுத்திருந்தாள். “ஊசி இறங்குறப்ப நர்ஸம்மா கையைப் புடிச்சிக்கிட்டேன். அவங்களுக்கு வலிச்சிருக்கும்” என்றாள். என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு வருடம் கூட வாழ்ந்தவன் கூட இருந்திருக்க வேண்டிய அரை மணி நேரம் அது. அதை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அவள் தம்பி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அன்று இரவே தகவல் கேட்டு ஓடி வந்துவிட்டான். ‘கூடப் பிறந்தவன் இருக்கிறானே, அவனிடமே எடுத்துக்கொள்ளலாமே, எதற்கு அலைகிறீர்கள்’ என்று கவுண்டரில் கேட்டார்கள். வார்டு டாக்டரோ கூடவே கூடாது என்றார். மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்வதாக இருந்தால் முதலில் பார்ப்பது கூடப் பிறந்தவர்களைத்தான். பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அவன் ரத்தத்தை இப்போதே ஏற்றிவிட்டால் இவள் உடம்பு அவனுக்கு எதிராகப் பழகிவிடும், நாளைக்கு அவன் மஜ்ஜையை ஏற்காமல் தள்ளிவிடலாம் என்று விளக்கினார். ஒரே கட்டிடம்தான். மேல் மாடிக்குத் தெரிந்தது கீழ்த்தளத்துக்குத் தெரியவில்லை. டாக்டர் அந்த நேரத்தில் வார்டில் இல்லாமல் இருந்திருந்தால்? நான் சந்தோஷமாகச் சரி என்று சொல்லியிருப்பேன். மூன்று வாரம் கழித்து, மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கும் ஹெச்.எல்.ஏ. பரிசோதனையில் பொருந்தவில்லை என்று முடிவு வந்தது, அது வேறு. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

இப்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஏ.டி.ஜி. மருந்து கொடுத்து, அதே வேலைக்கான சைக்ளோஸ்போரின் மாத்திரையில் இருக்கிறாள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாமாம். அதுவரை 10,000க்குக் கீழே போகும்போதெல்லாம் பிளேட்லெட் ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. இதுவரை 19 பை. அந்தப் பத்தொன்பதுக்கும் நான்தான் ஆள் தேடினேன். மண்டியில் சம்பளம் இல்லாத லீவு. போனில் தெரியாத எண்களாக இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆறாவது பைக்கோ ஏழாவதுக்கோ, ஒருவரும் கிடைக்காத ஒரு நாளில், டீக்கடையில் ஒருவர் என்னிடம் வந்து ‘ஆள் இருக்கு, மூவாயிரம் ஆகும்’ என்றார். காசுக்கு ரத்தம் வாங்குவது 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் வந்த தடை. எனக்கும் தெரியும். ஆனாலும் அவரிடம் நின்று விலை பேசினேன். வேறொருவர் போனில் கிடைத்ததால் தப்பினேன். 2002இல் வந்த தேசிய ரத்தக் கொள்கை, சொந்தக்காரர்களிடம் ரத்தம் கேட்கும் முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்கிறது. இத்தனை வருடம் ஆகியும் கவுண்டரில் அதே வாக்கியம். டீக்கடையில் என்னிடம் வந்த அந்த ஆளின் தொழில் நடப்பதே அந்த வாக்கியத்தால்தான்.

வெளியிலும் இதே நிலைதான். ‘அனீமியாதானே, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கொடு’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ரத்தக் கோளாறுகளில் ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றும் உண்டு. இவள் நோய் இல்லை. பஸ் பாஸ் கேட்டுப் போனால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. வெள்ளையணு குறைந்தவளை முகக்கவசத்தோடு நெரிசலில் நிற்க வைத்து… சரி, இதற்கெல்லாம் நீங்கள் என்ன செய்வீர்கள். மன்னிக்க வேண்டும், சொல்ல வந்ததற்கே வருகிறேன்.

பிளேட்லெட்டை அரிசி மூட்டை போல அடுக்கி வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சிவப்பணு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். இது ஐந்தே நாள், அதுவும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் பை இருப்பில் இல்லாவிட்டாலும் ஆட்களின் பட்டியல் இருப்பில் இருக்க வேண்டும் என்கிறேன். பிளேட்லெட் கொடுக்க ஒருவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. 48 மணி நேர இடைவெளி போதும், ஆண்டுக்கு 24 முறை வரை கொடுக்கலாம் என்று விதியே சொல்கிறது. அந்த டெலிவரி பையனின் பெயர், வகை, எடை, நரம்பு, கவுண்ட், போன் நம்பர் எல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அவனைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் அதில் இருப்பார்கள். ‘மறுபடி கூப்பிட்டால் வருவீர்களா’ என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். வருகிறேன் என்றான். இரண்டு முறை வந்தான்.

கூப்பிடுவதற்கு ஒரு ஆளைப் போடுங்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே யார் ஊரில் இருப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்குக் குடும்பத்தார் ரத்தம் கூடாது என்பதைக் கவுண்டரில் எழுதி ஒட்டுங்கள். டோனரைத் தேடும் வேலையை நோயாளியோடு வந்தவர் தலையில் வைக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை. கவுண்ட் இறங்கியிருந்தால் அன்று மதியம் சீட்டோடு உங்கள் கவுண்டருக்கு வருவேன். தயவுசெய்து சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மேலே போய் அவங்க பக்கத்தில் இருங்க’ என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி வார்டில் இருக்கும் ஒரு நோயாளியின் கணவன்